வெற்று வரி ஏன் வருகிறது?

கேள்வி: ஒன்பது அமினோ அமிலங்களாலான ஹார்மோன் ஆக்ஸிடோசின். அதன் ஸ்மைல்ஸ் (SMILES, மூலக்கூறை எழுத்துகளால் குறிக்கும் முறை) வரியை ஆர்டிகிட் (RDKit) என்ற வேதியியல் மென்பொருளில் ஹெல்ம் (HELM, அமினோ அமிலங்களை வரிசையாக எழுதும் முறை) குறியீடாக மாற்றினால் வெற்று வரிதான் கிடைக்கிறது. ஏன்?

பதில்: ஸ்மைல்ஸில் அணுக்களும் பிணைப்புகளும் மட்டுமே உண்டு. எந்த அணு எந்த அமினோ அமிலத்தைச் சேர்ந்தது என்ற தகவல் அதில் இல்லை; அது இல்லாமல் ஆர்டிகிட்டால் ஹெல்ம் எழுத முடியாது. ஆகவே ஹெல்மை மூலப்பிரதியாக வைத்துக்கொண்டு அதிலிருந்து ஸ்மைல்ஸை உருவாக்குங்கள்.

ஓர் அமினோ அமிலத்துக்கு ஓர் எழுத்து என எழுதும் ஃபாஸ்டாவிலிருந்து (FASTA) தொடங்குவது இதைவிட ஆபத்து, பிழைச்செய்தியே வராது. ஒன்பது எழுத்துகளை மட்டும் கொடுத்தால் 1, 6ஆம் சிஸ்டீன்களின் கந்தக அணுக்களை இணைக்கும் டைசல்பைடு பிணைப்பும், கடைசி கிளைசினின் முனையில் அமிலத்துக்குப் பதிலாக இருக்கும் அமைடும் விடுபட்டுவிடும். ஹெல்மில் கிளைசினுக்குப் பின் புள்ளி வைத்து, சதுர அடைப்புக்குள் சிறிய எழுத்தில் ‘ஏஎம்’ (am) சேருங்கள். முதல் டாலர் குறிக்குப் பிறகு, சங்கிலியின் பெயரை இருமுறை எழுதி, ‘1:ஆர்3-6:ஆர்3’ (1:R3-6:R3) என்று பிணைப்பைக் குறியுங்கள்.

பிறகு மூலக்கூறு எடையைக் கட்டாயம் பாருங்கள். சரியான எடை சுமார் 1007.2. 1009.2 என்றால் டைசல்பைடு இல்லை, 1008.2 என்றால் முனை அமிலமாகவே நிற்கிறது, 1010.2 என்றால் இரண்டுமே போயின. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான டி, எல் வடிவங்களின் குழப்பத்தை மட்டும் எடை காட்டிக்கொடுக்காது. அதற்கு, நம்பகமான தரவுத்தளத்திலுள்ள ஸ்மைல்ஸையும் உங்களுடையதையும் ஆர்டிகிட்டிலேயே சீர்வடிவாக்கி (ஒரு மூலக்கூறுக்கு ஒரே வரி வரும்படி எழுதவைத்து), முப்பரிமாணக் குறிகளோடு ஒப்பிடுங்கள்.