உவர்த் தண்ணீர் இறைத்தால் மண்ணின் நொதியங்களுக்கு என்ன ஆகும்?

கிணறு உவராகிவிட்டது, யூரியா போட்டும் வெங்காயம் தேறவில்லை, மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வெங்காயமே உப்புத் தாங்காத பயிர், அது ஒரு பக்கம். உப்பு கூடினால் நுண்ணங்கிகளின் உடலிலிருந்து நீர் வெளியேறும். மிஞ்சுபவை உயிர் பிழைக்கவே சக்தியைச் செலவழிப்பதால் நொதியம் (என்சைம், இரசாயன மாற்றங்களை விரைவாக்கும் புரதம்) சுரப்பது குறையும். டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியம் உயிருள்ள கலத்துக்குள் மட்டுமே வேலை செய்வதால் அதற்குத்தான் அடி சீக்கிரம் விழும். யூரியாவை அமோனியாவாக உடைக்கும் யூரியேஸ் என்ற நொதியம் களிமண்ணிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் சோடியம் களியைக் கலைத்து மண்ணை இறுக்கிவிட்டால் அதுவும் போச்சு, போட்ட யூரியாவும் சரியாக உடையாது.

சரி, மாட்டெரு தாராளமாகப் போடுங்கள், நுண்ணங்கிக்குச் சாப்பாடு அதுதான். மாரி மழையை வரம்புக்குள் நிறுத்தி உப்பைக் கழுவி இறக்குங்கள். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கும் படைதான். பம்பை மணிக்கணக்காக ஓடவிட்டால் அடியிலிருக்கும் உப்பு மேலேறும்.