ஏழு மணி நேரம் தூங்கியும் ஸ்டியரிங்கில் கண் சொக்குவது ஏன்?

கேள்வி: வயது 46. நாமக்கல்லில் இருந்து மும்பைக்கு லாரி ஓட்டுகிறேன். ஏழு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்பினாலும் விடியற்காலை மூன்று மணிக்குக் கண் சொக்குகிறது. இப்போதெல்லாம் பகலிலும் அசந்துவிடுகிறேன். டீ குடித்தும், பாட்டுப் போட்டும் பயனில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன்; சளி பிடித்தால் மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்வேன். குறட்டையின் நடுவே மூச்சு நின்று, திணறி எழுவதாக மனைவி சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனைவி கவனித்துச் சொன்னதுதான் இதில் முக்கியமான தகவல். அநேகமாக உங்களுக்கு இருப்பது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை உங்களை அரைகுறையாக எழுப்பி மூச்சிழுக்க வைக்கிறது. நோய் முற்றியவர்களுக்கு இது மணிக்கு 30 முறைக்கு மேல் நடக்கும். காலையில் ஒன்றும் நினைவிருக்காது. ஏழு மணி நேரம் படுத்திருந்தீர்களே தவிர, தூங்கவில்லை. பிரஷர் மாத்திரைக்கு அடங்காமல் இருந்தால் அதற்கும் இது காரணமாகலாம். கழுத்துச் சுற்றளவு 17 அங்குலத்தைத் தாண்டினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். டேப் வைத்து அளந்து பாருங்கள்.

நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்த்து, ஓர் இரவுத் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நோய் உறுதியானால், மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் 'சிபாப்' கருவியைத் தருவார்கள். இன்வெர்ட்டர் இருந்தால் கேபினிலும் பயன்படுத்தலாம். வீட்டில் மட்டும் மாட்டிவிட்டு டிரிப்பில் விட்டுவிடுபவர்களுக்குப் பகல் தூக்கம் திரும்ப வந்துவிடுகிறது. எடையைக் குறைப்பதும், மதுவைத் தவிர்ப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும் துணைக்கு உதவும்.

சிகிச்சை தொடங்கிப் பகல் தூக்கம் அடங்கும்வரை வண்டி எடுக்காதீர்கள். வருமானம் போகும் என்பது தெரியும். ஆனால் 70 கி.மீ. வேகத்தில் மூன்று விநாடி கண் மூடினால் லாரி 58 மீட்டர் ஓடிவிடும், ஓட்டுநர் இல்லாமல்.

சளி மாத்திரை விஷயம். குளோர்பெனிரமின், செட்டிரிசின் இரண்டும் தூக்கத்தைக் கூட்டும். பல கூட்டு மாத்திரைகளிலும் இருமல் சிரப்புகளிலும் இவை கலந்திருக்கின்றன. தூக்கம் அதிகம் தராத பெக்ஸோபெனடின் போன்றதை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சிகிச்சைக்குப் பிறகும் விடியற்காலை மூன்று மணி அப்படியேதான் இருக்கும். இரவு 2 முதல் 6 வரை உடல் கடிகாரம் தூக்கத்துக்கு இழுக்கும். பிற்பகல் 2 முதல் 4 வரை கொஞ்சம் குறைவாக. கண்ணாடியை இறக்குவதும் பாட்டைக் கூட்டுவதும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. கோடு தாண்டுவது, கடைசி சில கிலோமீட்டர் நினைவில்லாதது, அடுத்தடுத்துக் கொட்டாவி: இவற்றில் ஒன்று வந்தாலும் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்குங்கள். ஸ்ட்ராங் டீயோ காபியோ குடித்த உடனே படுங்கள். அது வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும், அதற்குள் தூங்கி எழுந்துவிடலாம். 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அதற்கு மேல் போனால் எழும்போது மந்தமாக இருக்கும். முகம் கழுவி, கால் மணி நேரம் நடந்த பிறகே கிளம்புங்கள். மூடிய கேபினில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் உயிரெடுக்கும்.

இரவு டிரிப் என்றால் அன்று பிற்பகலிலேயே ஒன்றரை மணி நேரம் தூங்கிவிடுங்கள். 2025 வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொடர்ந்து ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு தரச் சொன்னது. என்னைக் கேட்டால் ஐந்து மணி நேரம் ரொம்ப அதிகம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குங்கள்.

மருத்துவரிடம் போகும்போது நீங்கள் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். அதற்கு முந்தைய இரவு, குறட்டையையும் மூச்சு நிற்பதையும் இரண்டு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்துத் தரும்படி மனைவியிடம் சொல்லுங்கள்.