ஆலம்பரைக் கோட்டைக்குக் குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை பத்து வயதுப் பையன், ஆறு வயதுப் பெண், முட்டிவலி உள்ள மாமியார் எல்லோருமாகக் காரில் ஆலம்பரைக் கோட்டைக்குப் போகலாம் என்று ஆசை. இடிந்த கோட்டை, பிள்ளைகள் ஏறிக் குதிப்பார்கள் என்று கணவர் தயங்குகிறார். "நம்ம ஊரிலேயே டேவிட் கோட்டை இருக்க, அவ்வளவு தூரம் எதுக்கு?" என்கிறார் மாமியார். அங்கே கடலில் குளிக்கலாமா? பையன் வேறு பழைய காசு பொறுக்கிக்கொண்டு வரப்போவதாகச் சொல்லித் திரிகிறான்.

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் அதைக் காலை நேரப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழரை, எட்டு மணிக்குக் கோட்டையில் இருந்தால் பத்து, பத்தரைக்குள் வண்டியில் ஏறிவிடலாம். அதற்குமேல் அங்கே இருந்தால் வெயிலைத்தான் சுமக்க வேண்டும்.

முதலில் உங்கள் மாமியாரின் கேள்வி. நியாயமான கேள்விதான். தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை ஒரு காலத்தில் ஆலம்பரையைவிடப் பெரிய பேர் எடுத்தது. 1690-ல் செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோல் விசித்திரமானது. கோட்டையிலிருந்து சுற்றிலும் பீரங்கியால் சுடுவது, குண்டு போய் விழுகிற இடம் வரை கம்பெனிக்கு. அப்படி எல்லைக்குள் வந்த ஊர்கள்தான் குண்டு கிராமங்கள். நீங்கள் தினமும் புழங்கும் குண்டு சாலைக்கும், பக்கத்தில் இருக்கும் குண்டு உப்பலவாடிக்கும் பேர் வந்த கதை இது. உங்கள் பையனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், பள்ளிப் பாடத்தில் வரும் கிளைவைவிட இது நன்றாக மனதில் நிற்கும். அந்தக் கிளைவும் 1756-ல் இதே கோட்டைக்குக் கவர்னராக இருந்தவர்தான். அதற்குப் பத்து வருடம் முன்பு பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாகவே தேவனாம்பட்டினம் மாறியிருந்தது.

இவ்வளவு பெருமை இருந்தும் இன்று அங்கே பார்ப்பதற்கு அதிகம் இல்லை. 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து, இடித்துத் தள்ளிவிட்டார். கெடிலம் கடலில் சேரும் பக்கம் சில செங்கல் சிதிலங்கள் மிஞ்சியிருக்கின்றன. கோட்டை பார்க்கப் போகிறோம் என்று குழந்தைகளிடம் சொல்லிவிட்டு அங்கே அழைத்துப் போனால், "எங்கேப்பா கோட்டை?" என்றுதான் கேட்பார்கள்.

ஆலம்பரையில் அந்த ஏமாற்றம் இருக்காது. சுவர்கள் நிற்கின்றன, கொத்தளங்களின் வளைவு தெரிகிறது, பின்னணியில் உப்பங்கழியும் அதற்கு அப்பால் கடலும். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் எழுந்த கோட்டை அது. படகுத்துறையும் நாணயச்சாலையும் வைத்துக்கொண்டு ஜோராக இருந்த இடம். 1750-ல் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் கைக்குப் போனது. பத்தே வருடத்தில், 1760-ல், ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மறு வருடம் ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது. அங்கிருந்த லூயி கோட்டையையும் தரைமட்டமாக்கினார்கள். இப்போது அந்த இடத்தில் இருப்பது பாரதி பூங்கா. கடலூரில் இடித்ததற்குப் பழிக்குப் பழி என்று சொல்லிவிடலாம் போல இருக்கும். ஆனால் கையில் கிடைத்த கோட்டையை எதிரி திரும்ப வந்து பிடிக்காமல் இடித்துவைப்பது அன்றைய போர் வழக்கம். அதனால் போகிற வழியில் டேவிட் கோட்டைக் கதையைச் சொல்லிக்கொண்டே போங்கள். ஆலம்பரைச் சுவர்கள் ஏன் அப்படிக் கிடக்கின்றன என்று பிள்ளைகளுக்குத் தானாகவே பிடிபடும்.

வழி சுலபம். கடலூரிலிருந்து புதுச்சேரி, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு, மரக்காணம் தாண்டிக் கடப்பாக்கம். புதுச்சேரியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், உங்கள் வீட்டிலிருந்து 75 வரை வரும். மரக்காணத்தில் சாலையோரம் உப்பளங்கள் வரும்போது குழந்தைகளை எழுப்பிவிடுங்கள். கடப்பாக்கத்தில் வலது பக்கம், கடலை நோக்கித் திரும்ப வேண்டும். அப்படித் திரும்புவதற்கு முன்னால் பெட்ரோல் பங்க் எதிலாவது நிறுத்திக் கழிப்பறை வேலையை முடித்துக்கொள்ளுங்கள். கோட்டையில் கழிப்பறை, குடிநீர், கடை எதையும் நம்பிப் போகாதீர்கள். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும். இட்லிப் பொட்டலமோ புளிசாதமோ கட்டிக்கொண்டால் போதும், மதியச் சாப்பாட்டுக்குப் புதுச்சேரி திரும்பிவிடலாம்.

இனி உங்கள் கணவரின் பயம். அவர் சொல்வதுதான் சரி. இடிந்த கோட்டையில் ஆபத்து சுவரில்தான் இருக்கிறது. ஆலம்பரையில் கட்டுமானம் செங்கலும் சுண்ணாம்புக் காரையும். கடற்காற்றில் வரும் உப்பு, ஈரத்தோடு செங்கலுக்குள் இறங்கும். வெயிலில் ஈரம் காய்ந்ததும் உப்பு உள்ளேயே படிகமாகித் தடிக்கும், செங்கலின் முகத்தை உள்ளிருந்து தள்ளும். மேல்தோல் பொருக்குப் பொருக்காக உதிர்வது அதனால்தான். உப்புக்காற்றில் நிற்கும் பழைய சுவர் எதையும் பக்கத்தில் போய்ப் பார்த்தால், சில இடங்களில் செங்கல் கரைந்து குழியாகி, காரை மட்டும் விளிம்பு கட்டி நீட்டிக்கொண்டிருக்கும், வெறும் தேன்கூடு போல. கைவைத்து ஏறுபவரின் எடை முழுவதும் அந்த விளிம்பில் விழுந்தால் என்ன ஆகும்? போதாததற்கு 2004 சுனாமியும் இந்தக் கோட்டையை ஒரு பதம் பார்த்திருக்கிறது.

பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். சுவரின் அடியில் விழுந்து கிடக்கும் செங்கல்களைப் பார்க்கச் சொல்லுங்கள், தூர நின்றுதான். உடைந்த முகம் கறுத்துப் பாசி ஏறியிருந்தால் அது விழுந்து நாளாகிறது. பளிச்சென்று சிவந்திருந்தால் அண்மையில் விழுந்தது, அதன் சகோதரர்கள் மேலே காத்திருக்கிறார்கள். விரிசலில் ஆலமரக் கன்றோ அரசங்கன்றோ முளைத்திருந்தாலும் அதே எச்சரிக்கைதான், வேர் உள்ளே ஆப்பு வைத்துக்கொண்டிருக்கிறது. இப்படித் துப்பறிய விட்டால் ஏறுகிற ஆசை பாதி அடங்கும். மீதிப் பாதிக்கு அப்பா பக்கத்தில் நிற்க வேண்டும். போட்டோவுக்காகச் சுவர்மேல் நிற்கும் இளைஞர்கள் கட்டாயம் கண்ணில் படுவார்கள். "அந்த அண்ணன் மட்டும் ஏறலாமா?" என்று கேள்வி வரும், பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.

நிழலிலும் ஒரு சிக்கல் உண்டு. காலையில் சுவரின் மேற்குப் பக்கம் அருமையான நிழல் விழும், ஆனால் உட்காரக் கூடாத இடமும் அதுதான். எனக்குத் தெரிந்த எளிய கணக்கு: சுவரின் உயரம் எவ்வளவோ, அவ்வளவு தூரம் தள்ளி ஜமக்காளம் விரிப்பது. ஆகவே குடையும் தொப்பியும் எல்லோருக்கும் வேண்டும். செருப்பு போதாது, மூடிய ஷூ போடுங்கள். முள்ளும் உடைந்த பாட்டில் சில்லும் மணலில் கிடக்கும், புதர்ப் பக்கம் பாம்பும் இருக்கலாம்.

மாமியாருக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். மணலிலும் இடிபாட்டிலும் நடப்பது முட்டிக்கு ஆகாது. வண்டி போகிற வரை போய், கோட்டை கண்ணில் படும் இடத்தில் நாற்காலியைப் போட்டுவிடுங்கள். அவரைத் தனியாக விடாமல் நீங்கள் இருவரும் மாறி மாறி உடன் இருந்தால், பெரியவருக்கும் வந்த திருப்தி, உங்களுக்கும் மூச்சுவிட நேரம்.

குளியல் வேண்டாம். கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே உப்பங்கழி இருக்கிறது. தண்ணீர் வற்றிய நேரத்தில் முழங்கால் அளவுதானே என்று இறங்கத் தோன்றும். கழியின் அடி சேறு, ஆழம் ஒரே சீராக இருக்காது, ஓதம் ஏறினால் திரும்பும் வழி வேறாகிவிடும். மீனவர்கள் படகில் ஒரு சுற்று அழைத்துப் போவதுண்டு. முதலில் கூலியைப் பேசி, குழந்தைகள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருந்தால் ஏறுங்கள், இல்லையென்றால் கரையிலிருந்தே கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். கால் நனைத்தே ஆக வேண்டும் என்று பெண் அடம்பிடித்தால், மாலையில் உங்கள் ஊர் சில்வர் பீச்சில் கணுக்கால் வரை, கையைப் பிடித்துக்கொண்டு.

தை, மாசியில் போவது உத்தமம். சித்திரை, வைகாசியில் போனால் ஒன்பது மணிக்கே மணல் சுடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை விட்ட மறுநாள் போகவே போகாதீர்கள், ஊறிய சுவர் சரிவதற்கு அதுதான் நேரம்.

கடைசியாக, காசு. ஆலம்பரையில் அச்சான நாணயங்களுக்குப் பேர் உண்டு என்பதால் பையனின் ஆசையில் தப்பில்லை. ஆனால் அது தமிழகத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். தோண்டுவதும் செங்கல்லை எடுத்துவருவதும் சுவரில் பேர் கீறுவதும் குற்றம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், இன்னும் நடப்பில்தான் இருக்கிறது. மணல்மேல் தற்செயலாக ஏதாவது தென்பட்டால் கிடந்த இடத்திலேயே வைத்துப் படம் எடுத்து, துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பழைய காசுகளை ஆசைதீரப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அடுத்த முறை சென்னை போகும்போது அரை நாள் ஒதுக்குங்கள்.