மோடல் வெர்ப் வரும் வாக்கியத்தில் ஒன்லி, ஜஸ்ட், ஹார்ட்லி எங்கே வரும்? இடம் மாறினால் பொருள் மாறுமா?

கேன், மே, மஸ்ட் போன்ற மோடல் வெர்ப்களோடு (திறமை, அனுமதி, கட்டாயம், ஊகம் காட்டும் துணைவினைகள்) ஒன்லி, ஜஸ்ட், ஹார்ட்லி, பேர்லி மாதிரி எல்லை போடும் அட்வெர்ப்களை, அதாவது வினையடைகளை, எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கான பதில் ஒரு வரிதான்: மோடலுக்குப் பின்னால், முக்கிய வினைக்கு முன்னால். "ஐ கேன் ஒன்லி ஸ்டே ஃபார் அன் அவர்." "ஷி குட் ஹார்ட்லி ஸ்பீக்." ஒன்றுக்கு மேல் துணைவினை இருந்தால் பொதுவாக முதலாவதற்குப் பின்னால்: "ஹி குட் ஒன்லி ஹாவ் கம் பை ட்ரெய்ன்." இதைப் பிடித்துக்கொண்டாலே பெரும்பாலான வாக்கியங்கள் தேறிவிடும்.

பொருள் மாறுமா என்று கேட்டீர்களே, வேலை அங்கேதான் இருக்கிறது.

தமிழில் 'தான்', 'மட்டும்' எல்லாம் எந்தச் சொல்லுக்கு எல்லை போடுகிறோமோ அதன் வாலிலேயே ஒட்டிக்கொள்ளும். "இரண்டு புத்தகம்தான் எடுக்கலாம்" என்றால் எண்ணிக்கைக்கு எல்லை. "நீங்கள்தான் இரண்டு புத்தகம் எடுக்கலாம்" என்றால் ஆளுக்கு எல்லை. சந்தேகத்துக்கே இடமில்லை. ஆங்கிலத்தில் ஒன்லி வினைக்கு முன்னால் நின்றுகொண்டே தூரத்தில் இருக்கும் சொல்லையும் குறிவைக்கும். "யூ கேன் ஒன்லி பாரோ டூ புக்ஸ்" என்ற வாக்கியத்தில் எல்லை பெரும்பாலும் 'டூ' மேல்தான். ஆனால் 'பாரோ' மேல் அழுத்தம் கொடுத்துச் சொன்னால் அதே வாக்கியம் "இரவல் வாங்கலாம், விலைக்கு வாங்க முடியாது" என்று ஆகிவிடும். பேச்சில் குரல் இதைத் தீர்த்துவிடுகிறது. எழுத்தில் குரல் கிடையாது. அதனால் விதிமுறை, ஒப்பந்தம், தேர்வு விடை மாதிரி இடங்களில் ஒன்லியை நகர்த்தி "யூ கேன் பாரோ ஒன்லி டூ புக்ஸ்" என்று எழுதுவது நல்லது. சாதாரண மின்னஞ்சலில் அவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஒன்லியை அதற்குரிய சொல்லின் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்ற வாதம் 18-ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் காலத்திலிருந்தே ஓடுகிறது. 1926-இல் தன் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியை வெளியிட்ட ஃபவுலர், "ஹி ஒன்லி டைட் எ வீக் அகோ" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, இதில் யாருக்கும் குழப்பம் வராதபோது எதற்கு இந்தக் கெடுபிடி என்ற பக்கம்தான் நின்றார். நானும் அவர் கட்சிதான்.

நம்மவர்கள் 'தான்' வைக்கும் பழக்கத்திலேயே "ஐ கேன் கம் டுமாரோ ஒன்லி" என்று சொல்வோம். நமக்குள் புரியும். வெளிநாட்டுக்காரர் காதில் அது அறிவிப்புப் பலகை மாதிரி விழும். "ஐ கேன் ஒன்லி கம் டுமாரோ" என்றால் தீர்ந்தது.

அடுத்தது 'நாட்'. மோடலோடு நாட்டும் ஜஸ்ட்டும் சேர்ந்தால், எது முன்னால் வருகிறது என்பதை வைத்தே பொருள் தலைகீழாகிவிடும். "யூ கான்ட் ஜஸ்ட் லீவ்" என்றால், போவது இருக்கட்டும், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடக் கூடாது என்று அர்த்தம். சொல்லிவிட்டுப் போகலாம். "யூ ஜஸ்ட் கான்ட் லீவ்" என்றால் போகவே கூடாது. இங்கே ஜஸ்ட் எல்லை போடவே இல்லை, மறுப்பை இறுக்குகிறது. "யூ கேன் ஜஸ்ட் நாட் கோ" என்றாலோ போகாமல் இருந்துவிடலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மறுப்பு முன்னால் வந்தால் அது ஜஸ்ட்டையும் சேர்த்து மறுக்கிறது, பின்னால் வந்தால் இல்லை. சிம்ப்ளி என்ற சொல்லும் இதே மாதிரிதான் நடந்துகொள்ளும். அலுவலகச் சண்டை பாதி இந்த இரண்டு சொல் இடம் மாறியதால்தான் வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மைட்டோடு சேரும்போது ஜஸ்ட் வேறு முகம் காட்டும். "இட் மைட் ஜஸ்ட் ஒர்க்" என்பதில் எல்லை எதுவும் இல்லை. பலித்தாலும் பலிக்கலாம் என்ற சின்ன நம்பிக்கை, அவ்வளவுதான்.

ஹார்ட்லி, பேர்லி, ஸ்கேர்ஸ்லி மூன்றுக்கும் 'கிட்டத்தட்ட இல்லை' என்ற மாதிரிப் பொருள், அதனால் அவற்றுக்குள் ஏற்கெனவே மறுப்பு ஒளிந்திருக்கிறது. அதனால் "ஐ கான்ட் ஹார்ட்லி சீ" என்று எழுத வேண்டாம், "ஐ கேன் ஹார்ட்லி சீ" போதும். பின்னால் சம்திங் வராது, எனிதிங்தான் வரும். வாக்கியத்தின் வாலில் ஒட்டும் குட்டிக் கேள்வியான டேக் கேள்வியும் அதற்கேற்பத்தான்: "ஹி கேன் ஹார்ட்லி வாக், கேன் ஹி?" ஹார்ட்லியும் பேர்லியும் ஒன்றுதானே என்றால், திறமையைச் சொல்லும்போது ஏறக்குறைய ஒன்று. ஆனால் "யூ கேன் ஹார்ட்லி பிளேம் ஹிம்" என்பதில் திறமைப் பேச்சே இல்லை, அவரைக் குறை சொல்வதற்கில்லை என்று பொருள். அங்கே பேர்லியைப் போட்டால் வாக்கியம் நொண்டும். இன்னொன்று, கடுமையாக உழைக்க வேண்டும் என்பதற்கு "யூ மஸ்ட் ஒர்க் ஹார்ட்லி" என்று எழுதுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அங்கே வர வேண்டியது வெறும் ஹார்ட். அதில் லி சேர்த்தால் உழைப்பே காணாமல் போய்விடும்.

ஒவ்வொரு மோடலுக்கும் தனிக் குணமும் உண்டு. "இட் கேன் ஒன்லி பி எ மிஸ்டேக்" என்பது அனுமதியோ திறமையோ கிடையாது, தவறாகத்தான் இருக்க வேண்டும் என்ற ஊகம். கிட்டத்தட்ட மஸ்ட்டின் வேலையைச் செய்கிறது. "விசிட்டர்ஸ் மே ஒன்லி என்டர் வித் எ பாஸ்" என்பது அனுமதிபோல் தொனிக்கும் தடை. "இட் மே ஒன்லி டேக் எ மினிட்" என்றால் ஒரு நிமிடம் மட்டுமே ஆகலாம் என்ற ஊகம். மே இப்படி இரண்டு பக்கமும் சாயும் என்பதால், விதி எழுதும்போது அதோடு ஒன்லியைச் சேர்க்க நான் கொஞ்சம் யோசிப்பேன்.

கட்டாயம் பற்றிய வாக்கியங்களில்தான் நிஜமான ஆபத்து. "யூ மஸ்ட் ஒன்லி சைன் ஹியர்" என்றால் இங்கே மட்டும்தான் கையெழுத்து, வேறெங்கும் போடக் கூடாது. "யூ ஒன்லி ஹாவ் டு சைன் ஹியர்" என்றால் இங்கே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். முதலாவது மிரட்டல், இரண்டாவது ஆறுதல். 'போதும்' என்று சொல்ல நினைக்கிற இடத்தில் மஸ்ட் ஒன்லி போட்டுவிடாதீர்கள்.

அதே 'போதும்' பொருளைத் தர நீட் இருக்கிறது, இரண்டு வடிவத்தில். "யூ ஒன்லி நீட் டு ஆஸ்க்" என்பதில் அது சாதாரண வினை, 'டு' வரும். "யூ நீட் ஒன்லி ஆஸ்க்" என்பதில் அதுவே மோடல், 'டு' கிடையாது. மோடலாக வரும் நீட் தனியாக நிற்காது, "யூ நீட் ஆஸ்க்" என்று சொல்ல முடியாது. மறுப்போ கேள்வியோ அதற்குத் துணை வேண்டும். அரை மறுப்பான ஒன்லியும் ஹார்ட்லியும் அந்தத் துணையாகிவிடுகின்றன. "ஐ நீட் ஹார்ட்லி சே" என்ற தொடர் அப்படித்தான் நிற்கிறது.

அப்புறம், ஒன்லியை வாக்கியத்தின் தலையில் வைத்தால் மோடல் எழுவாயைத் தாண்டி முன்னால் வந்துவிடும்: "ஒன்லி தென் குட் ஐ அண்டர்ஸ்டாண்ட்." ஒன்லி எழுவாயையே குறித்தால் இந்தத் தாவல் கிடையாது: "ஒன்லி மெம்பர்ஸ் கேன் வோட்." தேர்வில் கேட்பார்கள், கட்டுரையில் அழகாக இருக்கும். அன்றாடப் பேச்சில் பயன்படுத்தினால் மேடையேறிப் பேசுவதுபோல் இருக்கும்.