பழைய மெர்சிடிஸ் எஸ்எல் 500 கன்வெர்ட்டிபிள் வாங்கினால் பராமரிப்புச் செலவை எப்படிச் சமாளிப்பது?

கேட்டவர் டாலஸ் பக்கம் இருக்கிறார். 2005 மாடல் எஸ்எல் 500 ஒன்று 13,000 டாலருக்கு வருகிறதாம். ஓடியது எழுபதாயிரம் மைல். "புதிதில் கிட்டத்தட்ட 90,000 டாலர் விற்ற வண்டி இந்த விலைக்குக் கிடைக்கிறது, ஆனால் மெயின்டெனன்ஸ் ஆளை விழுங்கிவிடும் என்கிறார்கள். உண்மையா?" என்பது கேள்வி.

நானும் இதே ஊர்ப்பக்கம்தான். அதே தலைமுறை எஸ்எல் 500 ஒன்றைச் சில வருடமாக வைத்திருக்கிறேன். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் ஆர்230, 2001 முதல் 2011 வரை வந்தது. வாங்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் வண்டியின் விலைதான் 13,000 ஆகியிருக்கிறது, பாகங்களின் விலை இன்னமும் 90,000 டாலர் வண்டிக்கானதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் எஞ்சின். எல்லோரும் அதைத்தான் பயந்து பயந்து கேட்கிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. 2006 வரை வந்த எஸ்எல் 500-இல் இருப்பது எம்113 என்கிற 5 லிட்டர் வி8. மெர்சிடிஸ் செய்ததிலேயே உழைப்பாளி எஞ்சின்களில் ஒன்று. மெர்சிடிஸின் 229.5 தரச்சான்று உள்ள ஆயில் எட்டு லிட்டர் பிடிக்கும், சிலிண்டருக்கு இரண்டு வீதம் 16 ஸ்பார்க் பிளக் இருக்கும், பிரீமியம் பெட்ரோல்தான் போட வேண்டும். அவ்வளவுதான். கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் கடைசியாக எப்போது மாற்றியது என்று விற்பவருக்குத் தெரியவில்லை என்றால், வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள். வி12 வைத்த எஸ்எல் 600 மட்டும் அதே விலைக்குக் கிடைத்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள். அதில் ஒரு பக்கத்து ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே இக்னிஷன் காயில் கட்டை. போனால் மொத்தமாக மாற்ற வேண்டும், விலை ஆயிரக்கணக்கில்.

பணம் போகிற இடம் சஸ்பென்ஷன். ஏபிசி, அதாவது ஆக்டிவ் பாடி கன்ட்ரோல். அமெரிக்காவுக்கு வந்த எஸ்எல் 500 எல்லாவற்றிலும் இது உண்டு. நான்கு சக்கரத்துக்கும் ஸ்பிரிங்கோடு சேர்த்து ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர். எஞ்சின் ஓட்டுகிற பம்ப் ஒன்று சுமார் 200 பார் அழுத்தத்தில் ஆயிலைத் தள்ள, வால்வ் பிளாக்குகள் அதைச் சக்கரத்துக்குச் சக்கரம் அளந்து விடும். அதனால்தான் வளைவில் இவ்வளவு கனமான வண்டி சாயாமல் போகிறது. அதனால்தான் பில்லும் வருகிறது. ஸ்பிரிங்கும் சிலிண்டரும் சேர்ந்த அந்த ஸ்ட்ரட் ஒன்று புதிதாக டீலரிடம் வாங்கினால் ஆயிரம் டாலருக்கு மேல். பம்ப்பும் அப்படித்தான். வால்வ் பிளாக், அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் அக்குமுலேட்டர், ஹோஸ் என்று வரிசையில் மற்றவை நிற்கும்.

இதில் பெரும்பாலான செலவு ஒரே காரணத்தால் வருவது: அழுக்கு ஆயில். பானெட்டைத் திறந்து ஏபிசி ரிசர்வாயரின் மூடியைத் திருகி எடுத்தால் அதிலேயே டிப்ஸ்டிக் இருக்கும். வெள்ளைப் பேப்பர் டவலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். புது ஆயில் நல்ல பச்சை. தேன் நிறமாக இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுப்பாக, நடுவில் பொடிப்பொடியாக ஏதாவது தங்கினால், உள்ளே ரப்பரும் உலோகமும் தேய்ந்து சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அந்தத் தூள்தான் வால்வ் பிளாக்கின் சீல்களை அறுக்கிறது. சீல் போனால் ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை தாழ்ந்து நிற்கும்.

வாங்கும் முன் இதைச் சோதிக்க மெக்கானிக்கூட வேண்டாம். சாயங்காலம் போய், வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் டயருக்கும் மேல் வளைவுக்கும் இடையே எத்தனை விரல் போகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன் மறுபடி பாருங்கள். பல நாள் நின்றால் சீராகக் கொஞ்சம் இறங்குவது சகஜம். ஒரே இரவில் ஒரு மூலை மட்டும் இரண்டு விரல் இறங்கியிருந்தால் விலை பேச உங்களுக்கு விஷயம் கிடைத்துவிட்டது. ராத்திரி முழுக்க வண்டியை விட்டுவைக்க விற்பவர் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

ஆயில் மாற்றுவது பெரிய செலவில்லை. 344.0 தரச்சான்று உள்ள ஹைட்ராலிக் ஆயில், பெரும்பாலானோர் பென்டோசின் சிஎச்எஃப் 11எஸ் வாங்குவார்கள். சில லிட்டரும் ஒரு ஃபில்டரும் போதும். பழைய ஆயிலை ரிட்டர்ன் குழாய் வழியாக வெளியே எடுத்து, புதியதை மேலே ஊற்றிக்கொண்டே வர வேண்டும். பிறகு மெர்சிடிஸின் பழுதறியும் கருவியான ஸ்டார் டயக்னாஸ்டிக்கை மாட்டி வண்டியை மேலும் கீழுமாகக் குதிக்க வைப்பார்கள், மூலை முடுக்கில் நிற்கும் பழைய ஆயிலும் கலந்து வெளியே வர. இதற்குப் பெயர் ரோடியோ, துள்ளுகிற குதிரை, காளை மேல் ஏறி உட்காரும் போட்டியின் பெயர். ஃபோர்ட்வொர்த் அதற்குப் பேர்போன ஊர். ஃபோர்ட்வொர்த்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. நின்ற இடத்தில் வண்டி முன்னும் பின்னும் ஆடி ஆடி எழும்பும்போது பக்கத்து வண்டியில் வேலை செய்கிறவர்கூட ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்து நிற்பார். நான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இதைச் செய்துவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். டாஷ்போர்டில் ஏபிசி எச்சரிக்கை வெள்ளையாக வந்தால் மெதுவாக ஒர்க்‌ஷாப் போகலாம். சிவப்பாக வந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்து டோ வண்டியைக் கூப்பிடுங்கள். வெடித்த ஹோஸ் வழியாக ஆயில் எல்லாம் போயிருக்கும், பம்ப் வறட்சியாகச் சுற்றும். இன்னும் ஐந்து மைல்தானே என்று ஓட்டினால் பம்ப் அரைபட்டு அதன் துகள் சிஸ்டம் முழுக்கப் பரவும். ஒரு ஹோஸோடு முடிந்திருக்க வேண்டிய வேலை நான்கு ஸ்ட்ரட் வரை போகும். டோவுக்கு 150 டாலர் கொடுப்பது லாபம்.

ஏபிசியைக் கழற்றி எறிந்துவிட்டு சாதாரண காயில்ஓவர் ஸ்பிரிங் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். கிட் கிடைக்கிறது. ஆனால் எஸ்எல்லை எஸ்எல்லாக வைத்திருப்பதே அந்த சஸ்பென்ஷன்தான். விற்கும்போதும் விலை அடிபடும். ஏபிசி முழுக்கப் படுத்துவிட்ட வண்டிக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

பிரேக்கில் ஒரு நல்ல சேதி உண்டு. இந்த வண்டியில் பிரேக் எஸ்பிசி என்கிற எலக்ட்ரானிக் முறை. பெடலை மிதிப்பது ஒரு சைகைதான், அழுத்தத்தை ஒரு ஹைட்ராலிக் யூனிட் தருகிறது. எத்தனை முறை மிதித்தோம் என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும், எண்ணிக்கை தாண்டினால் மாற்றச் சொல்லும். சொந்தக் காசில் மாற்றினால் கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் 2018-இல் மெர்சிடிஸ் அமெரிக்காவில் இதற்கான வாரன்டியை 25 வருடமாக நீட்டியது, மைல் வரம்பும் இல்லை. எனவே யாராவது இதற்கு எஸ்டிமேட் நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் வண்டியின் அடையாள எண்ணை (விஐஎன்) டீலரிடம் கொடுத்துக் கேளுங்கள். பிரேக் பேட் நீங்களே மாற்றுகிற ஆளாக இருந்தால் இன்னொன்று: எஸ்பிசியை முறைப்படி செயலிழக்கச் செய்யாமல் கேலிப்பரில் கை வைக்கக் கூடாது. கதவைத் திறந்தாலே அது தானாக அழுத்தம் ஏற்றும், விரல் போய்விடும்.

அப்புறம் கரண்ட். இந்த வண்டியில் இரண்டு பேட்டரி. முன்னால் இருப்பது ஸ்டார்ட் செய்ய, டிக்கியில் இருப்பது மற்ற எல்லாவற்றுக்கும். வாரக் கடைசியில் மட்டும் எடுக்கிற வண்டியில் டிக்கி பேட்டரி மெல்ல மெல்ல இறங்கும், இறங்கினால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகள் வரிசையாக வரும். ஒரு முறை எனக்கு இப்படி மூன்று நான்கு எச்சரிக்கை ஒன்றாக வர, ஓர் ஒர்க்‌ஷாப்பில் இரண்டாயிரம் டாலருக்கு மேல் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை வைத்தால் டிக்கி பேட்டரியில் வெறும் 11.9 வோல்ட். புது ஏஜிஎம் பேட்டரி போட்டதும் எல்லாம் போய்விட்டது. அன்றிலிருந்து கராஜில் நிற்கும்போதெல்லாம் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் பேட்டரி மெயின்டெய்னர் மாட்டித்தான் வைக்கிறேன்.

கூரைக்கு வருவோம். 16 வினாடியில் மடிந்து டிக்கிக்குள் போகிற அந்த உலோகக் கூரைக்காகத்தானே வாங்குகிறோம். அதற்கும் தனி ஹைட்ராலிக் பம்ப், தனி சிலிண்டர்கள். கூரை அசைய மறுத்தால் உடனே யாரையும் கூப்பிடாதீர்கள். டிக்கிக்குள் சாமான் தடுப்புத் திரை ஒன்று இருக்கிறது, அது கொக்கியில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது மாட்டாவிட்டால் கூரை நகராது. அடுத்து பேட்டரி. இரண்டும் சரி என்றால்தான் மூன்றாவது சந்தேகம். டிக்கிக் கார்ப்பெட்டைத் தூக்கி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. சிலிண்டர் சீல் கசிந்தால் டீலர் புது சிலிண்டர்தான் போடுவார். அதைக் கழற்றி அனுப்பினால் சீல் மாற்றிக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், புதியதன் விலையில் சிறு பங்குதான் ஆகும். கார்ப்பெட்டைத் தூக்கியபடியே ஈரமும் இருக்கிறதா பாருங்கள். வடிகால் அடைத்தோ, டெயில் லைட் ரப்பர் போயோ மழைத்தண்ணீர் இறங்கினால் டிக்கியில் இருக்கிற, கதவுப் பூட்டுகளை இயக்கும் பம்ப் மூழ்கிவிடும். வருடத்துக்கு ஒரு முறை வடிகால்களைத் துடைத்துக் கூரை ரப்பர்களுக்கு அதற்கான கிரீஸ் பூசுவது ஒரு மதிய வேலை.

டயரில் ஆழத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். குறைவாக ஓடிய வண்டிகளில் பள்ளம் அப்படியே இருக்கும், ரப்பர் செத்திருக்கும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்தான் தயாரித்த வாரமும் வருடமும். ஸ்போர்ட் பேக்கேஜ் வண்டியில் பின்னால் 285/35, முன்னால் 255/40 என்று அளவு வேறு, அதனால் முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைப் பகிரவும் முடியாது. ஒரு செட்டுக்கு ஆயிரம் டாலரை ஒட்டிப் பிடித்து வையுங்கள்.

நம் ஊர் ஆலங்கட்டி மழையை வேறு சொல்ல வேண்டும். இந்த வண்டியின் பானெட், முன் ஃபெண்டர், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம். அலுமினியத்தில் விழுந்த பள்ளத்தை எடுப்பது இரும்பைவிடச் சிரமம், காசும் கூட. ஏப்ரல், மே மாதங்களில் கராஜில் இடம் இல்லை என்றால் இந்த வண்டி வேண்டாம் என்றே சொல்வேன். இன்ஷூரன்ஸும் சாதாரண பாலிசிக்குப் பதிலாக, மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதுகிற, சேகரிப்பு வண்டிகளுக்கான கலெக்டர் பாலிசி கிடைக்கிறதா பாருங்கள். தினசரி ஓட்ட வேறு வண்டி இருக்க வேண்டும் என்பார்கள், பிரீமியம் பெரும்பாலும் குறைவாகவே வரும்.

மெக்கானிக் விஷயத்தில் ஒரே நிபந்தனை. மெர்சிடிஸ் மட்டுமே பார்க்கிற, ஸ்டார் கருவி வைத்திருக்கிற தனி ஒர்க்‌ஷாப். கடையில் கிடைக்கிற நாற்பது டாலர் ஸ்கேனர் எஞ்சினைப் படிக்கும், ஏபிசியையும் எஸ்பிசியையும் படிக்காது. படிக்க முடியாத ஆள் ஊகித்துப் பாகம் மாற்றுவார், ஊகத்துக்கும் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். டீலரை விட மணிக்கூலி கணிசமாகக் குறைவு. ரீபில்ட் செய்த ஸ்ட்ரட், பம்ப் போட அவர் சம்மதிப்பாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் தாங்கள் வாங்கிய பாகத்தை மட்டுமே போடுவார்கள்.

சரி, மொத்தமாக எவ்வளவு? பெட்ரோலும் இன்ஷூரன்ஸும் நீங்கலாக எனக்கு வருடத்துக்குச் சராசரியாக இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐநூறு டாலர் ஆகிறது. சராசரி என்பதைக் கவனியுங்கள். ஒரு வருடம் வெறும் ஆயிலோடு முடியும், ஒரு வருடம் நாலாயிரத்தைத் தாண்டும். அதனால் மாதம் 200 டாலர் தனி சேமிப்புக் கணக்கில் தானாகப் போய்விழும்படி வைத்திருக்கிறேன். என் மனைவி அந்தக் கணக்குக்கு "மாப்பிள்ளைச் சீர்" என்று பெயர் வைத்திருக்கிறாள். கேட்கும்போது கொடுக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், கொடுத்தாலும் நன்றி சொல்லாது என்பது அவள் கணக்கு. வாங்கும்போதே அதில் மூவாயிரம் டாலராவது இருக்க வேண்டும். கையில் இருப்பதே 13,000 என்றால், 10,000-க்குள் ஒரு லெக்ஸஸ் எஸ்சி 430 தேடுங்கள். அதே காலத்து வி8, அதே மாதிரி மடியும் உலோகக் கூரை, ஏபிசியும் இல்லை, எஸ்பிசியும் இல்லை. டைமிங் பெல்ட் மாற்றியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். ஓட்டுவதில் அந்த விறுவிறுப்பு இருக்காது, ஆனால் ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வரும்.

உங்களுக்கு வந்திருக்கிற வண்டியைப் பொறுத்தவரை, மைலைப் பார்க்காதீர்கள், பில்களைக் கேளுங்கள். ஒரு லட்சம் மைல் ஓடி, ஏபிசி ஆயில் மாற்றிய பில்கள் கட்டாக இருக்கிற வண்டியை, எழுபதாயிரம் ஓடிக் காகிதமே இல்லாத வண்டியைவிட நான் நம்புவேன். 250, 300 டாலர் கொடுத்து ஸ்டார் கருவியோடு இன்ஸ்பெக்‌ஷன் செய்யச் சொல்லுங்கள், ஏபிசி அழுத்தமும் எஸ்பிசி எண்ணிக்கையும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். பில் இல்லை, ஆயில் கறுப்பு, டயர் பழசு என்று வந்தால் 9,500-இல் பேச்சை ஆரம்பியுங்கள். 11,000 வரைக்குமாவது அவர் இறங்கி வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், டெக்சாஸில் எஸ்எல் 500-க்குப் பஞ்சமில்லை.