ஏ.டி.ஹெச்.டி.க்கு கவுன்சலிங் மட்டும் போதுமா?

வயது 34. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. எதையும் முடிக்காமல் பாதியில் விடுகிறேன், எல்லாம் மறதி. ரீல்ஸ் பார்த்துத்தான் எனக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) என்று புரிந்தது. அதற்கென்று நண்பர் தந்த மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையை நான்கு நாள் போட்டேன், ஒரே படபடப்பு. மாத்திரை இல்லாமல் கவுன்சலிங் மட்டும் போதுமா? சில நாள், நான் இல்லாவிட்டால் மனைவியாவது நிம்மதியாக இருப்பாள் என்று தோன்றுகிறது.

- ஈரோடு வாசகர்

உங்கள் கடைசி வரிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. வருடக்கணக்கில் திட்டு வாங்கியே பழகியவர்களுக்கு மனச்சோர்வும் சேர்ந்து வருவதை நிறையப் பார்க்கிறோம். இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். மனைவியையும் அழைத்துப் போங்கள். மறதியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த எண்ணத்தைச் சொல்லுங்கள். எண்ணம் வலுத்தால், எப்படிச் செய்வது என்று மனம் யோசிக்க ஆரம்பித்தால், தனியாக இருக்காதீர்கள். அந்த நிமிடமே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

நண்பரின் மாத்திரையை இன்றே திருப்பிக் கொடுங்கள். இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடிய மருந்து அது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டிலும் வருகிறது. கைமாற்றாக வாங்கிப் போடுகிற விஷயமா இது?

ரீல்ஸ் சொல்வதை நோயறிதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, வேலை இரண்டிலும் தொல்லை தருகின்றனவா என்று கேட்போம். பழைய ரேங்க் கார்டு இருந்தால் எடுத்து வாருங்கள். தைராய்டு கோளாறு, தூக்கக்குறைவு, மனச்சோர்வு எல்லாமே கவனத்தைக் கெடுக்கும்.

சரி, கவுன்சலிங். ஆறுதல் பேச்சால் மட்டும் இது சரியாகாது. பலன் தருவது சிபிடி என்கிற, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் பயிற்சி. 2010-இல் வெளிவந்த பாஸ்டன் ஆய்வில், மாத்திரை எடுத்தும் அறிகுறி மிச்சமிருந்தவர்களுக்கு 12 அமர்வு சிபிடி நன்றாகவே கைகொடுத்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தனியாகவும் தரலாம். ஆனால் தொல்லை அதிகம் என்றால் மருந்தும் சேர்ந்தால்தான் பிடிப்பு வரும். அதனால் மாத்திரையே வேண்டாம் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள்.

சிபிடியில் என்ன செய்வார்கள்? உங்கள் வேலையையே எடுத்துக்கொள்வோம். 'ஜிஎஸ்டி ரிட்டர்ன் முடிக்கணும்' என்று எழுதி வைத்தால் கை ஓடாது. 'விற்பனை பில்களைத் தேதிவாரியாக அடுக்கு' என்று எழுதினால் ஓடும். உங்களால் எத்தனை நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடிகிறது என்று முதலில் பார்ப்பார்கள். 12 நிமிடம் என்றால் வேலையும் 12 நிமிடத் துண்டுகள்தான். நடுவில் 'கரண்ட் பில் கட்டலையே' என்று தோன்றும். எழுந்து போகாமல் பக்கத்தில் வைத்த துண்டுச் சீட்டில் குறித்துவிட்டு வேலையைத் தொடர வேண்டும். மணி அடித்த பிறகுதான் சீட்டைப் பார்க்கலாம். 'கடைசி நேரத்தில்தான் எனக்கு வேலை ஓடும்' என்ற நம்பிக்கையையும் உட்கார வைத்து விசாரிப்பார்கள்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் போகும்போது நேராகவே கேளுங்கள்: பெரியவர்களின் ஏ.டி.ஹெச்.டி.க்கு சிபிடி செய்கிறீர்களா, வாராவாரம் வீட்டுப்பாடம் உண்டா? இல்லை என்றால் வேறொருவரைப் பாருங்கள்.