‘கா’ எப்போது ‘கர’ ஆகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

காட்சித் தொடர்பியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். ஒரு கட்டுரையைப் படமே இல்லாமல், எழுத்தை மட்டும் கொண்டு, எதிரெதிர் இரண்டு பக்கங்களில் உணர்ச்சியோடு வடிவமைக்க வேண்டும் என்று வகுப்பில் ஒரு பயிற்சி. ஏரி வற்றுவதைப் பற்றிய எட்டுப் பத்திக் கட்டுரையை எடுத்துக்கொண்டேன். பத்திக்குப் பத்தி எழுத்திடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனேன். கடைசிப் பத்தியில் எழுத்துகள் வெடித்த சேறு போலக் கிடக்கும். வகுப்பில் பாராட்டினார்கள். வீட்டில் அம்மா மூன்றாம் பத்தியிலேயே தாளைக் கீழே வைத்துவிட்டார். அமெரிக்க வடிவமைப்பாளர் டேவிட் கார்சன் ஒரு பேட்டி முழுவதையும் படிக்கவே முடியாத குறிகளில் போட்டாரே, அவருக்குச் சரியென்றால் எனக்கு ஏன் கூடாது? எந்த மென்பொருள், எந்த எழுத்துரு, எந்தப் படிப்பு நல்லது? ஆங்கில டைப்போகிராஃபியை (அச்செழுத்து அமைப்புக் கலையை) முதலில் கற்க வேண்டுமா?

ந.

அன்புள்ள ந.,

உங்கள் அம்மாதான் உங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல ஆசிரியர். அவர் தாளைக் கீழே வைத்ததை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்காகவே இந்தப் பதில்.

மென்பொருள் எதுவானாலும் சரி. இன்டிசைன் என்றால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி பேராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவுக்கு இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ தமிழ் குடும்பமே இந்தப் பயிற்சிக்குப் போதும். இரண்டு தடிமனுக்கு மேல் வேண்டாம். படிப்பைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

கார்சனைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். 1994இல் ‘ரே கன்’ என்ற இசை இதழில் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டியை அவர் ஜாப் டிங்பேட்ஸ் என்ற, எழுத்துக்குப் பதில் சின்னங்களே உள்ள எழுத்துருவில் அச்சிட்டது உண்மை. அதே இதழின் பின்பக்கத்தில் அந்தப் பேட்டி படிக்கக்கூடிய எழுத்தில் முழுதாக இருந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஏரிக் கட்டுரைக்குப் பின்பக்கம் எங்கே?

இனி, எழுத்திடைவெளி. மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

தமிழில் ஓர் எழுத்து என்று நாம் எண்ணுவது வேறு, எழுத்துருக் கோப்பில் ஓர் உரு என்று இருப்பது வேறு. ‘டி’யும் ‘கு’வும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒட்டிப் பிறந்த ஒரே உரு. ‘கா’, ‘கெ’, ‘கை’ இரண்டு துண்டுகள். ‘கொ’ மூன்று. நீங்கள் டிராக்கிங்கை, அதாவது எழுத்திடைவெளி அளவை, 200 ஆக்கியதும் மென்பொருள் ஒவ்வோர் உருவுக்குப் பின்னாலும் இடம் விடுகிறது. ‘கு’ அப்படியே நிற்கும். ‘கொ’ மூன்றாகக் கிழியும். ஒரே சொல்லுக்குள் ஒன்று முழுதாக இருக்க, பக்கத்து எழுத்து உடைந்து கிடக்கும். அதோடு போகவில்லை. கால் தனியாக விலகினால் ‘ர’வைப் போலத் தெரியும். ‘கால்’ என்பதைக் கண் ‘கரல்’ என்று படிக்கும். ‘கௌ’ பிரிந்தால் ‘கெள’. உங்கள் அம்மா சலித்துப்போய் நிறுத்தவில்லை. நீங்கள் அவருக்கு எழுத்துப்பிழைகளைப் படிக்கக் கொடுத்தீர்கள். சேறு வெடிப்பதைக் காட்டியதாக நீங்கள் நினைத்த இடத்தில் அவருக்குத் தெரிந்தது பிழை மட்டும்தான்.

ஆங்கிலம் எழுதப்படும் லத்தீன் எழுத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. அங்கே ஓர் எழுத்து தனியே நின்று பழகியது. முழுதும் கேப்பிடல் எழுத்தில் வரும் தலைப்புகளை அகட்டி வைப்பது அங்கே பழைய வழக்கம். அந்த வழக்கத்தைத் தமிழ் மேல் அப்படியே கவிழ்ப்பதுதான் எனக்குக் கோபம். ஆங்கில டைப்போகிராஃபியைத் தாராளமாகப் படியுங்கள். ஆனால் ஒவ்வொரு விதியைப் படித்ததும் ‘கொ’ மேல் போட்டுப் பாருங்கள்.

உணர்ச்சியோடு எழுத்தை அடுக்குவதற்கு நம்மிடமே பழைய பள்ளி ஒன்று இருக்கிறது: பாட்டைப் படத்தின் கட்டங்களில் அடைத்துப் பாடும் சித்திரகவி. நாகபந்தத்தில் இரண்டு பாம்புகள் பின்னிக் கிடக்கும். அவை குறுக்கிடும் கட்டத்தில் நிற்கும் எழுத்து இரண்டு பாட்டுக்கும் பொது. தேர் வடிவில் அடுக்கும் எழுகூற்றிருக்கையில் எண்கள் 1, 2, 1 என்று ஏறி இறங்கும், அடுத்து 1, 2, 3, 2, 1, இப்படியே 7 வரை. தேரின் தட்டு அகல்வது அந்த எண்ணிக்கையால்தான். படம் வரைந்துவிட்டு எழுத்தை அதில் கொட்டியதில்லை. நாகபந்தத்தில் கட்டத்துக்கு ஓர் எழுத்து, உயிர்மெய் என்றால் முழு உயிர்மெய். ‘கொ’வின் கொம்பை ஒரு கட்டத்திலும் காலை அடுத்த கட்டத்திலும் எந்தப் புலவரும் வைக்கவில்லை. படிக்கிற வரிசை கெடாமல் வடிவம் வர வேண்டும் என்ற கணக்கு அது. இதை வகுப்பில் யாரும் சொல்லித் தராதது உங்கள் தவறில்லை. சொன்ன பிறகும் எழுத்தை உடைத்தால் உங்கள் தவறுதான்.

சரி, ஏரியை எப்படி வற்ற வைப்பது? எழுத்தைத் தொடாதீர்கள், பத்தியின் அகலத்தைத் தொடுங்கள். ஏ4 தாளில் 10 பாயின்ட் எழுத்து, 16 பாயின்ட் வரியிடைவெளி. ஆங்கிலத்துக்கு விடும் 12 பாயின்ட் பல எழுத்துருக்களில் இங்கே போதாது. மேல்வரியில் ‘ழு’, ‘பு’ தொங்கும், கீழ்வரியில் ‘லீ’, ‘ழ்’ தலைதூக்கும், இரண்டும் முட்டும். முதல் பத்திக்கு அகலம் 110 மி.மீ. பிறகு பத்திக்கு 10 மி.மீ. குறையுங்கள். எட்டாம் பத்தி 40 மி.மீ.யில் நிற்கும்.

எல்லாம் இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கட்டும். இருபக்கமும் சீராக்கினால் குறுகிய பத்தியில் கெட்டது. ‘வற்றிக்கொண்டிருக்கிறது’ பன்னிரண்டு எழுத்து. 10 பாயின்டில் அது ஒன்றே குறுகிய வரியின் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். பக்கத்தில் ஒரு சின்னச் சொல் வந்து மாட்டினால் நடுவில் பள்ளம் விழும். வலப்பக்கம் ஏறியும் இறங்கியும் இருந்தால் அது கரை போலவும் தெரியும். இன்டிசைனின் ஜஸ்டிஃபிகேஷன் (வரிச் சீரமைப்பு) பெட்டியில் எழுத்திடைவெளிக்கான மூன்று கட்டங்களிலும் 0 இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கடைசிப் பத்தியில் வரிக்கு ஒரு சொல், இரண்டு சொல்தான் நிற்கும். தமிழில் பெரும்பாலும் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆகவே வாக்கியம் முடியும் இடத்தில் ‘வற்றியது’ தனி வரியாக இறங்கும்படி உடைக்கலாம். கண் தானாக நிதானிக்கும். எந்த எழுத்தையும் பெரிதாக்க வேண்டியதில்லை, சாய்க்க வேண்டியதில்லை. எந்த வரியை எங்கே உடைப்பது என்பதை மென்பொருளிடம் விடாதீர்கள். வாய்விட்டுப் படித்து, மூச்சு நிற்கும் இடத்தில் உடையுங்கள். பெயரெச்சத்தையும் அது தழுவும் பெயரையும் இரண்டு வரியாகப் பிரிக்க வேண்டாம்.

தலைப்பை மட்டும் அகட்டியே தீர வேண்டும் என்றால் டிராக்கிங் கூடாது. ஒவ்வொரு முழு எழுத்துக்கும் நடுவே கையால் மெல்லிய இடைவெளி போடுங்கள். ஐந்தாறு எழுத்துத் தலைப்புக்கு ஒரு நிமிட வேலை.

முடித்ததும் திரையில் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். நூறு சதவீத அளவில் அச்செடுத்து அம்மாவிடம் கொடுங்கள். அவர் சத்தமாகப் படிக்கட்டும். திரும்பிப்போய்ப் படித்த வரிகளில் பென்சிலால் கோடு போடுங்கள். எனக்கு பி.டி.எஃப். வேண்டாம், அந்தக் கோடு போட்ட தாளைப் படமெடுத்து அனுப்புங்கள்.